பழைய காருக்கு நியாய விலை எது?

பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வியை மெக்கானிக்கிடம் கேட்பவர்கள் உண்டு. நண்பர்களிடம் கேட்பவர்களும் உண்டு. மனச்சாட்சியிடம் கேட்பவர்கள் குறைவு. ஆனால் வாங்குவதும் விற்பதும் இரு மனிதருக்கிடையே நடக்கும் காரியம். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதிருக்கும். நீதியும் அநீதியும் அந்த இடத்திலேதான் பிரிகின்றன. ஆகவே இக்கேள்வியை நாமும் சற்று நிதானமாகச் சிந்திப்பது நன்று.

கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. பிரித்தானியக் கார்கள் மலைநாட்டுப் பாதைகளில் நெடுங்காலம் ஓடியவை. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 1975இல் தேயிலைக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையானதன் பின் ஆங்கிலத் துரைமார் பலர் ஊர் திரும்பினர்; அவர்கள் பாவித்த பொருட்கள் பல கைமாறின. புதிய வாகனம் இலகுவில் கிடைக்காத 1970களின் முற்பகுதியில், பழையதைத் திருத்தித் திருத்தி ஓட்டும் கைத்திறன் நமது கராஜ்களில் நன்கு வளர்ந்தது. இன்றும் சில வீட்டுக் கொட்டில்களில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய கார் கிடப்பதைக் காணலாம்.

இப்படி வைத்துக்கொள்வோம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கைம்பெண். காலஞ்சென்ற கணவர் ஆசையாக வைத்திருந்த எம்.ஜி.பி. கார், கூரையை மடித்துத் திறந்துவிடக் கூடிய இரண்டு ஆசனக் கார், இருபது வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. பேராதனையிலிருந்து ஒரு குடும்பத்தலைவர் அதைப் பார்க்க வருகிறார். சிறுவயது முதல் அவருக்கு அப்படியொரு காரில் ஆசை. அந்த அம்மாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவருக்கோ எல்லாம் தெரியும். அம்மா ஒரு விலை சொல்கிறார். அது மிகக் குறைவு என்பது இவருக்கு உடனே விளங்குகிறது. இவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் காரை அறிவோம்

பதில் சொல்லுமுன் பொருளைச் சரியாக மதிக்கத் தெரிய வேண்டும். அறியாமல் மதிப்பவன் தன் வீட்டாருக்கும் தீங்கு செய்யலாம், அயலானுக்கும் தீங்கு செய்யலாம்.

எம்.ஜி.பி. கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. கூரையுள்ள வகையையும் சேர்த்தால் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே உலகில் அது அபூர்வமான கார் அன்று. 1945க்கும் 1949க்கும் இடையில் ஏறக்குறைய 10,000 மட்டுமே செய்யப்பட்ட எம்.ஜி. ரி.சி.யோடு அதை ஒப்பிட முடியாது. "பழசு" என்ற காரணத்தினாலேயே ஒரு பொருள் பொக்கிஷமாகிவிடாது.

எஞ்சினைப் பார்த்து மயங்குபவர் பலர். எஞ்சினைத் திருத்தலாம், அதற்குரிய உதிரிப்பாகங்களைத் தேடிப் பெறலாம். திறந்த காரின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மூடிய காருக்குக் கூரையும் பலம் தருகிறது. கூரை இல்லாத காரில் அந்தப் பாரம் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பாகங்களில் விழுகிறது. மழையும் ஈரமும் நிறைந்த கண்டியில் அவை உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால் இரும்பு எங்கே, பட்டி எங்கே என்று தெரிந்துவிடும். காரை ஜாக்கினால் உயர்த்தும்போது கதவின் இடைவெளி ஒடுங்கினால் நடு உடம்பு தளர்ந்துவிட்டதென்று அறியலாம். அதைச் செம்மையாகத் திருத்துவதற்கு, கார் வாங்கிய விலையை விடக் கூடுதலாகவும் செலவாகலாம்.

அடுத்தது பத்திரங்கள். சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா? அழிந்துபோன ஒரு காரின் புத்தகத்தை வேறொரு காருக்குப் பூட்டி விற்பதும் நடப்பதுண்டு. பத்திரம் பொய்யாயின் கார் எவ்வளவு அழகாயிருந்தாலும் வாங்கத் தகுந்ததன்று.

கார் ஓடுகிற நிலையிலிருந்தால் மாவனல்லைப் பக்கமிருந்து கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது நல்லது. சமவெளியில் ஒளிந்திருக்கும் குறைகள் அந்த ஏற்றத்தில் வெளிப்படும். தண்ணீர் கொதிக்கும், கியர் நழுவும். இறங்கும்போது பிரேக்கின் உண்மையும் தெரியவரும்.

விற்பவரின் கடமை

விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாமலிருந்தால் சந்தை முழுவதுமே கெட்டுப்போகும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகெர்லொவ் 1970இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பாவித்த கார்களையே அவர் உதாரணமாக எடுத்தார். நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய முடியாததால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைத்தே விலை சொல்வார். அதனால் நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார். 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இதே பிரச்சினையின் அறப்பக்கத்தை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே புனித தோமஸ் அக்குவினாஸ் ஆராய்ந்திருக்கிறார். அவர் காலத்தில் கார் இல்லை, குதிரை இருந்தது. குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது எவருக்கும் தெரியும். விலையை அதற்கேற்பக் குறைத்திருந்தால் விற்பவர் அதை எடுத்துச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் நொண்டிக் குதிரையை வேகமான குதிரையென்று விற்பதும், இடியவிருக்கும் வீட்டை உறுதியான வீடென்று விற்பதும் அநீதி என்கிறார் அவர். பட்டிக்கு அடியில் துருவை மறைப்பது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கார் விபத்தில் மடங்கினால் போவது பணம் மட்டுமன்று.

வாங்குபவரின் கடமை

இதுவரை சொன்னதை எவரும் ஒப்புக்கொள்வர். மறுபக்கத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். "அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன், நான் யாரையும் ஏமாற்றவில்லையே" என்று வாங்குபவர் சொல்லலாம். சட்டமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லாது. ஆனால் மனச்சாட்சி?

அக்குவினாஸின் பதில் தெளிவானது. ஒருவர் தம் கையிலிருப்பது பொன் என்று அறியாமல் செம்பென்று எண்ணி விற்கிறார். வாங்குபவருக்கோ அது பொன் என்று தெரியும். அப்படி வாங்குவது அநீதி. வாங்கியவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர். புனித அகுஸ்தினாரும் தாம் அறிந்த ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மனிதரிடம் ஒரு கையெழுத்துப் பிரதி விலைக்கு வந்தது. விற்பவர் அதன் அருமை தெரியாமல் சொற்ப விலை கேட்டார். அவரோ, விற்பவர் எதிர்பாராத வகையில், அதன் நியாயமான விலையையே கொடுத்தார்.

கட்டுகஸ்தோட்டைக் கொட்டிலில் நிற்பவருக்கும் இதுவே வழி. "அம்மா, நீங்கள் சொல்லும் விலை குறைவு. இன்னுமிருவரிடம் கேட்டுப் பாருங்கள்" என்று அவர் சொல்ல வேண்டும். அதேவேளை காரின் துருவையும் திருத்தும் செலவையும் மறைக்காமல் எடுத்துக்காட்டி, அதற்குரிய தொகையைக் கழிப்பதும் நீதிதான். நியாய விலை துலாக்கோலில் நிறுத்ததுபோல் ஒரே புள்ளியில் நிற்பதன்று என்பதையும் அக்குவினாஸ் ஏற்றுக்கொள்கிறார். சிறு ஏற்ற இறக்கம் நீதியைக் கெடுக்காது.

அந்த அம்மாவின் நினைவுகளுக்கு விலை உண்டா? பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு உண்டாகும் இழப்பை விலையிற் சேர்க்கலாம் என்பது அக்குவினாஸின் கருத்து. ஆனால் வாங்குபவருக்குள்ள தனிப்பட்ட தேவையைக் கண்டு விலையை ஏற்றக் கூடாது. ஏனெனில் அது விற்பவருடைய சொத்தன்று. நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கெங்கோ ஏறியது. அந்த நெருக்கடியில் மற்றவரின் தவிப்பை விற்றுக் காசாக்கியவர்கள் இக்கருத்தைச் சிந்திக்க வேண்டும்.

வீட்டாரின் பங்கு

கடைசியாக ஒன்று. விலை நியாயமாயிருந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு அந்தக் கார் தகுமா? இரண்டே ஆசனமுள்ள காரில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? 2022 யூலையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டுக் கொடுத்த நாட்களை நாம் மறக்கவில்லை. அழகிய பொருளை விரும்புவது பாவமன்று. கைவேலையின் அருமையை மதித்துப் பழையதொன்றைக் காப்பாற்றுவதும் நல்லதே. ஆனால் பிள்ளையின் படிப்புக்கோ தாயின் மருந்துக்கோ வைத்த பணம் அதில் போகக் கூடாது. மனைவிக்கு மறைத்துச் செய்யும் கொள்வனவும் ஒருவகையில் பட்டி பூசிய காரைப் போன்றதே.

ஆகவே பழைய காரைப் பார்க்கப் போகிறவர் கையில் காந்தம் கொண்டு போகட்டும். காரைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை விற்பவரிடம் ஒளிக்காமல் சொல்லட்டும். வீடு திரும்பி, கொடுத்த விலையையும் கண்ட குறைகளையும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் அப்படியே சொல்ல முடியுமானால், தாராளமாக வாங்கட்டும்.