எட்டாமல் போன தட்டு

நேற்றுவரை கைக்கு எட்டிய மைலோ டின் இன்று எட்டவில்லை. அளவாய்க் கட்டிய சேலை தரையில் புரள்கிறது. கிள்ளானில் ஓர் அம்மா இதைச் சொன்னால், "வயசாச்சும்மா" என்று பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். முதுகுவலிக்கும் அதே பதில்தான், "தோட்டத்துல உழைச்ச உடம்பு" என்ற காரணத்தோடு. ரப்பர் பால் வாளி சுமந்து வளர்ந்த தலைமுறை அதை நம்பியும்விடுகிறது. தைலம், கிளினிக் மாத்திரை என்று ஆண்டுகள் ஓடுகின்றன.

அது வயசாகவே இருக்க வேண்டியதில்லை. முறிந்த எலும்பாக இருக்கலாம்.

விழுந்தால்தான் எலும்பு முறியும் என்பது நம் எண்ணம். எலும்புகள் வலுவிழக்கும் எலும்புப்புரை நோய் கண்ட முதுகெலும்புக்கு ஒரு பூந்தொட்டியை நகர்த்துவதே போதும். பலமான இருமல்கூடப் போதும். எலும்பின் முன்பக்கம் நசுங்கி ஆப்புபோல் ஆகும், உடல் முன்னால் வளையும், உயரம் குறையும். இத்தகைய முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு கண்டறியப்படாமலே போகிறது. கொடுமை என்னவென்றால், ஒன்று முறிந்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் அடுத்ததும் முறிகிறது.

பிரிட்டன் அரசி கமிலாவின் தாய் ரோசலிண்ட் ஷாண்டுக்கும் எலும்புப்புரைதான். தோழி ஒருவர் அணைத்ததில் அவருடைய விலா எலும்பு முறிந்தது. 1994-இல், 72 வயதில் இறந்தபோது சுமார் 20 செ.மீ. குறுகியிருந்தார். தங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோயைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை என்று கமிலா சொல்லியிருக்கிறார். அரண்மனையோடு பழகிய வீட்டிலேயே அப்படி.

மலேசியா உட்பட ஆசிய நாடுகளின் பெண்களைக் கொண்டு 2001-இல் எலும்புப்புரை அபாயத்தை மதிப்பிட ஓர் எளிய கணக்கு உருவானது. கிலோவில் எடை, அதிலிருந்து வயதைக் கழித்து, ஐந்தால் வகுக்க வேண்டும். 45 கிலோ, 70 வயது என்றால் விடை கழித்தல் 5. கழித்தல் 4-க்கும் கீழே போனால் அபாயம் அதிகம்; எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்குத் தாமதிக்கக் கூடாது.

நோய் தாமதமாகத் தெரிந்தவர்களும் வாழத்தான் வேண்டும். கோலத்துக்குக் குனிவதும், கோயிலில் விழுந்து கும்பிடுவதும், பேரனைத் தூக்குவதும் ஒரே நாளில் கைவிட்டுப் போவது சிறிய இழப்பல்ல. ஆனாலும் பயந்து படுத்துவிட்டால் எலும்பு இன்னும் கரையும். நடக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸின் ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். பூ வாங்கப் போகும்போது அங்கே பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை என்று மருத்துவர் எழுதியிருந்தால், வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அந்த அரைமணி நேரம் பக்கத்தில் உட்காரும் பிள்ளை, சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தைப் பார்க்கட்டும். அதில் அம்மா, அப்பாவின் காது உயரம் இருப்பார்.