வரைவிலக்கணமும் மனிதனும்

ஆய்வு வினாவிலிருந்தே தொடங்குகின்றது என்பர். ஆயின், வினாவுக்கும் முன்னரே வரைவிலக்கணம் வந்து நின்றுவிடுகின்றது என்பதை ஆய்வுத்துறையிற் புகும் மாணவன் எளிதில் உணர்வதில்லை. வாகரைப் பிரதேசத்துக் கடலோர வேடரைப் பற்றிய ஆய்வுகள் இதனைத் தெளிவுறுத்தும்.

செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூல், மக்களை நேரிற் கண்டு எழுதும் முறைக்கு முன்னோடியாக மதிக்கப்படுவது. எனினும், கலப்பற்ற வேடர் யாவர் என்னும் தேடலே அதன் அளவுகோலாயிற்று. தமிழ் பேசி, மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழ்ந்த கிழக்குக் கரையினர் அவ்வளவுகோலின் விளிம்பிலேயே நின்றனர்.

குடிசன மதிப்பீட்டில் 1946இல் 2,361 ஆக இருந்த இலங்கை வேடர் தொகை, 1963இல் 400 ஆகச் சுருங்கியது. பதினேழு ஆண்டுகளில் ஏனையோர் மாண்டனரா? இல்லை, சிங்களவர், தமிழர் என்னும் நிரல்களில் அவர்கள் சேர்க்கப்பட்டமையே இதற்குப் பெருங்காரணம்.

வரைவிலக்கணமின்றி எண்ணுதல் இயலாது என்பது உண்மையே. ஆயின், கல்லைத் தவறாக வகைப்படுத்தினால் கல்லுக்கு இழப்பில்லை. மனிதனைத் தவறாக வகைப்படுத்தினால், முன்னோரின் நிலத்தில் அவனுக்குள்ள உரிமையே ஐயத்துக்குள்ளாகின்றது. ஆதலின், தாம் யார் என அம்மக்கள் கூறுவதைக் கேட்டறிதல் ஆய்வாளன் காட்டும் இரக்கமன்று. அது முறையியலின் இன்றியமையாக் கூறு. அவர்தம் கூற்றும் அளவுகோலும் முரண்படுமிடத்து, முதலில் மீளாய்வுக்குரியது அளவுகோலே.