பொதுவழியில் தோண்டிய கிணறு

மதரஸாவில் கிதாபு ஓதிய நாட்களில் எங்களுக்குச் சலிப்பூட்டிய பாடங்களுள் ஒன்று, மார்க்கச் சட்ட நூல்களின் பிற்பகுதியில் வரும் ஜினாயாத் என்னும் குற்றவியல் பாடமாகும். தொழுகையும் நோன்பும் அன்றாடம் வேண்டியவை. கொடுக்கல் வாங்கலும் திருமணமும் வாழ்வில் வரக்கூடியவை. ஆனால், ஒருவன் பொதுவழியில் கிணறு தோண்டினான், இரவில் வந்த வழிப்போக்கன் அதில் விழுந்து மாண்டான், தோண்டியவன் மீது என்ன கடமை என்று உஸ்தாத் பாடத்தைத் தொடங்கும்போது, கடைசி வரிசையில் இருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வோம். எந்த ஊரில் எவன் நடுத்தெருவில் கிணறு தோண்டுகிறான்? நூறு ஒட்டகத் தியத்தை எங்கே போய்த் தேடுவது? பரீட்சைக்காக மனனம் செய்தோம், பிறகு மறந்தோம்.

அப்பாடம் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது, 2023 டிசம்பர் இறுதியில், ஆழ்வார்பேட்டையில் ஓர் அடுக்குமாடி வீட்டில். அவ்வீட்டுப் பெண்பிள்ளைக்கு வாரம் இருமுறை அரபு இலக்கணம் சொல்லிக்கொடுத்து வந்தேன். மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கிச் சென்று மூன்று வாரங்கூட ஆகவில்லை. அம்மழையின் சேறு தெருவோரங்களில் காய்ந்து கிடந்தது. அதற்குள் தெற்கிலிருந்து அடுத்த செய்தி வந்துவிட்டது. அக்குடும்பத்தாரின் பூர்வீகம் காயல்பட்டணம். அங்கே பாட்டி தனித்திருந்த பழைய வீட்டின் பின்கட்டுச் சுவர் இடிந்து விழுந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். அவ்வூர் வழக்கப்படி வீடு பெண்மக்களுக்கே உரியதாதலால், என்றேனும் அது இந்தப் பிள்ளைக்கு வரவேண்டிய வீடு.

பாடம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "ஹஜ்ரத், நாங்கள் இங்கே மூன்று அறையிலும் ஏ.ஸி. போட்டுக்கொண்டு தூங்குகிறோம். அதற்கும் உம்மும்மா வீட்டுச் சுவர் விழுந்ததற்கும் சம்பந்தம் இருக்கிறதா?"

பதினோராம் வகுப்பு படிக்கும் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஏதோ படித்திருக்கிறாள். "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், மகளே" என்று சொல்லி எழுந்து வந்திருக்கலாம். அது பொய்யும் அன்று. ஆயினும் அவ்விடத்தில் அந்த விடை, கேள்வியைக் கேட்டவளின் வாயை அடைப்பதற்காகவே பயன்பட்டிருக்கும் என்று பட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன? 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த ஒரே நாளில் காயல்பட்டணத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். தாங்களே நனைந்திருந்த சுற்றுப்புறத்துக் கிராமத்து மக்கள் அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள்.

விஞ்ஞானம் கூறுவதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் தன்மையுடையது என்பதை ஜான் டிண்டால் 1859-இல் தொடங்கிய சோதனைகளால் மெய்ப்பித்தார். நிலக்கரியை எரிப்பதால் அவ்வாயு பெருகிப் பூமி சூடேறக்கூடும் என்று சுவீடன் நாட்டு அர்ரேனியஸ் 1896-இலேயே கணக்கிட்டார். இயந்திரத் தொழில் தோன்றுமுன் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த அது, 1958-இல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. காற்று ஒரு பாகை சூடேறினால், அது ஏந்தக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம், பழைய காலத்தைவிட ஒன்றரைப் பாகைக்கு மேல் உயர்ந்து நின்றது.

இதில் நம் கவனத்துக்குரிய ஒரு தமிழர் இருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் ராமநாதன், இளமையில் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனமொன்றில் வேலை பார்த்தார். பெட்டியிலிருந்து குளிரூட்டும் வாயு கசிந்துபோவதைத் தடுப்பது அவருக்கிடப்பட்ட பணி. அன்று அவருக்கு அது வெறும் கசிவு. பின்னர் அமெரிக்கா சென்று, 1975-இல் அதே குளோரோ புளோரோ கார்பன் வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைச் சிறைப்படுத்தும் என்று உலகுக்கு அறிவித்தவர் அவரே. செகந்திராபாத்தில் கசிந்தது எங்கே போயிற்று என்பதற்கு அவருக்கு விடை கிடைத்துவிட்டது.

அதே சமயம் விஞ்ஞானிகளின் நாணயத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி சென்னையைச் சூழ்ந்த மழையை நாம் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர், அடையாறு கரைகடந்தது, அந்தப் பருவத்தின் மழைவெள்ளத்தில் தமிழகத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மழைக்குப் புவி வெப்பம் காரணமா என்று ஆராய்ந்த அறிஞர்கள், அப்படிச் சாட்டுவதற்குப் போதிய சான்று தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றே எழுதினார்கள். ஏரியைத் தூர்த்து ஊராக்கியது வேறு கதை. தியாகராய நகரே 1920-களில் மயிலாப்பூரின் நெடுங்குளத்தை வற்றச்செய்து எழுப்பியதல்லவா! ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை ஒருவர் ஒருவராக எடைபோட்டுப் பழகிய நமக்கு, 'இந்த இடத்தில் சாட்சி போதாது' என்று சொல்லத் துணிபவரின் மற்றச் சொற்களில் நம்பிக்கை கூடவே செய்கிறது.

ஆகவே அப்பிள்ளையின் கேள்விக்கு நேரான விடை இதுதான்: குறிப்பிட்ட ஒரு மழையைக் குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தின் தலையில் யாரும் கட்ட முடியாது. ஆனால் கோடிக்கணக்கான இயந்திரங்களால் கடலும் காற்றும் சூடேறியிருப்பதில் ஐயமில்லை. அந்தக் கோடியில் அவள் வீட்டு மூன்றும் அடக்கம். அத்திப்பட்டில் எரியும் நிலக்கரியின் ஒரு பிடி, ஆழ்வார்பேட்டையின் குளிர்ச்சிக்காக எரிகிறது. அதன் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்து மீனவரின் வலையில் விழுகிறது; அதன் புகைக்கோ ஊரே கிடையாது.

இங்கேதான் பழைய கிணறு என் முன் வந்து நின்றது. தன் சொந்த நிலத்தில் கிணறு தோண்டியவன் மீது குற்றமில்லை. பொதுவழியில், தன் நலனுக்காக, ஆட்சியாளரின் அனுமதியின்றித் தோண்டியவன், எவரையும் கொல்லக் கருதாதவனாயினும், பொறுப்பாளியே ஆவான். நெருப்பைப் பற்றியும் ஒரு சட்டம் உண்டு: தன் நிலத்தில் வழக்கமான அளவில் தீமூட்டி, அது தற்செயலாகப் பரவினால் அவன் மீது ஈடு இல்லை, அளவுக்கு மீறி மூட்டினாலோ, காற்று வீசும் நாளில் மூட்டினாலோ ஈடு உண்டு. காற்று எல்லோருக்குமான வழி. அதில் தோண்டப்படும் குழிக்கு எவரும் வேலி போட முடியாது. நம் பாட்டன்மார் விறகெரித்தார்கள், கரிவண்டியில் பயணம் செய்தார்கள். அன்று காற்று வீசுவதை அவர்கள் அறியார்கள். நாம் அறிந்திருக்கிறோம். அறிந்தபின் மூட்டுகிற நெருப்புக்குச் சட்டம் வேறு.

மின்நிலையம் அரசின் அனுமதியோடு பொதுநலனுக்காக நடப்பதுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளக்குக்கும் மின்விசிறிக்கும், நோயாளியின் அறைக்கும், கோடையில் வேகும் குழந்தைக்கும் அந்த வாதம் செல்லும். ஆளில்லாத அறையைக் குளிரச்செய்வதற்கு அது செல்லாது. ஒரு பள்ளிவாசலில், அஸருக்கு ஒரு வரிசை ஆட்கள்கூடச் சேராத மண்டபத்தில் எட்டு இயந்திரங்கள் ஓடக் கண்டிருக்கிறேன். நானும் அந்தக் குளிரில் அமர்ந்து தஸ்பீஹ் செய்து வந்தவன்தான்.

களாகத்ரின் மீது பழியைப் போடுவோருக்கும் அக்கிணற்றில் விடை இருக்கிறது. கிணற்றில் விழுந்தவனும் தன் அஜல் வந்தே மாண்டான். அதில் எந்த இமாமுக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் அவன் வாரிசுகளுக்குத் தியத்தைக் கொடு என்று நான்கு மத்ஹபுகளும் தீர்ப்பளிக்கின்றன. விதி, கணக்கை அழிப்பதில்லை. வெள்ளத்தைத் தண்டனை என்று மிம்பரில் முழங்குவோர், குடிசைகள் விழுந்து மாளிகைகள் நின்றதற்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இனி, யார் கொடுப்பது? ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது மார்க்கத்தின் அடிப்படை. அப்படியிருந்தும் தவறுதலாக நேர்ந்த உயிரிழப்பின் ஈட்டைச் சட்டம் அந்த ஒருவன் தலையில் மட்டும் வைக்கவில்லை. ஆகிலா எனப்படும் அவன் உறவுக் கூட்டத்தார் மீது பகிர்ந்து, மூன்று ஆண்டுகளில் செலுத்தச் சொல்கிறது. ஏன்? ஹனஃபீ அறிஞர்கள் கூறும் காரணம் ஆழமானது: அவனுடைய அலட்சியத்துக்குத் துணிவு தந்தது அவன் பின்னால் நின்ற கூட்டத்தின் பலமே, தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. நம் கதையும் அதுதான். அடுத்த வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஓடுவதே என் வீட்டில் ஓடுவதற்குத் தைரியம். யார் அந்தக் கூட்டம் என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் தந்தைவழி உறவினர். ஹனஃபீகளோ, உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய படைப் பதிவேட்டை ஆதாரமாகக் கொண்டு, ஒருவருக்கொருவர் துணைநிற்போரே ஆகிலா என்று விரித்தார்கள். அப்படியானால் ஒரே மின்கம்பியிலும் ஒரே எண்ணெயிலும் வாழும் நாமெல்லோரும் ஒரு பதிவேட்டில் இருப்பவர்கள் அல்லவா?

இப்பகிர்வில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. ஷாஃபிஈ நூல்களின்படி செல்வர் ஆண்டுக்கு அரை தீனார், நடுத்தர வசதியுடையோர் கால் தீனார். ஏழை மீது ஒன்றுமே இல்லை. 1992-இல் ரியோவில் உலக நாடுகள், பொறுப்பு எல்லோருக்கும் பொது, அளவு மட்டும் வேறு வேறு என்று ஒப்புக்கொண்டபோது, நம் கிதாபுகளின் ஒரு மூலையில் கிடந்த நீதியைத்தான் வேறு வழியில் கண்டடைந்தன. 2022-இல் எகிப்தின் ஷர்முஷ் ஷெய்கில் இழப்புக்கான நிதி ஒன்றை அமைக்க முடிவெடுத்து, மறு ஆண்டு துபாயில் அதைச் செயற்படுத்தின. அங்கு வாக்களிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். உலகின் காயத்துக்கு இது பஞ்சு வைக்கவும் காணாது. அதைவிட வருத்தம், பணக்கார நாடுகள் அதைக் கடனென்று ஏற்காமல் உதவியென்றே சொல்லிக்கொள்வது.

ஆனால் மேலைநாட்டாரைக் குறைகூறி முடித்துக்கொள்வது எளிது. இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு இரண்டு டன் அளவே, அமெரிக்கருக்கோ பதினான்கு. உண்மை. எனினும் அந்த இரண்டு டன் என்பது ஆழ்வார்பேட்டையையும் அத்திப்பட்டுக் குப்பத்தையும் ஒரே தட்டில் கூட்டி வகுத்த கணக்கு. ஏழையின் பங்கைக் காட்டிச் செல்வர் விலக்குக் கோருவதை எந்த மத்ஹபு அனுமதிக்கும்? உலக மன்றத்தில் நாம் கால் தீனாரும் இல்லாதவர்கள். நம் ஊருக்குள் நம்மில் சிலர் அரை தீனார்க்காரர்கள்.

மறு பாடத்தின்போது இவ்வளவையும் அப்பிள்ளையிடம் சொன்னேன். அவள் வீட்டார் ஊருக்கு ஏற்கனவே பணம் அனுப்பியிருந்தார்கள். அண்டை வீட்டு ஏழைகளுக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். அதை ஸதகா என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம். "அப்படியானால் அது ஸதகா இல்லையா, ஹஜ்ரத்?" என்றாள். ஸதகா கொடுப்பவன் விரும்பினால் கொடுக்கலாம், விட்டுவிடலாம். வாங்குபவர் அவனுக்கு துஆச் செய்வார். தியத் கொடுப்பவன் கடனாளி. அவனுக்கு நன்றி சொல்ல வாங்குபவர் கடமைப்பட்டவரல்லர் என்றேன். 2015-இல் பள்ளிவாசல்களின் கதவுகளைத் திறந்து, சாதி மதம் பாராமல் சோறு போட்ட நம் இளைஞர்களின் நன்மையை அல்லாஹ் ஏற்பானாக. அந்த நன்மை வேறு, இந்தக் கணக்கு வேறு.

அவள் விடுவதாக இல்லை. தவறுதலாக உயிர்போக்கியவன் தியத்தோடு கஃப்பாராவும் நிறைவேற்ற வேண்டும். அடிமையை உரிமைவிட வேண்டும், இயலாவிடில் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பிருக்க வேண்டும் என்பது அவள் முன்பே ஓதிய பாடம். கிணறு தோண்டியவனுக்கும் அது உண்டா என்றாள். ஹனஃபீ மத்ஹபில் இல்லை. அவன் காரணமானவனே தவிரச் செய்தவனல்லன். ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. காயல்பட்டணத்தார் ஷாஃபிஈகள், நானும் அவ்வாறே. இன்ன உயிர் இன்ன செயலால் போயிற்று என்று நிலைநாட்டப்படாதவரை கஃப்பாரா கடமையாகாது என்று அவளுக்குச் சட்டம் சொன்னேன். சட்டம் சரிதான். ஆனால் ஈட்டுத் தொகையைக் கூட்டத்தாருக்குப் பங்கிட்டுவிட்டு, நோன்பின் பசியை மட்டும் ஒருவனுக்கென்று தனியே ஒதுக்கிவைத்த அந்த இமாம்களின் நோக்கம், வீடு திரும்பும் வழியெல்லாம் என்னைத் தொந்தரவு செய்தது.

அடுத்த வாரம் சென்றபோது கூடத்து இயந்திரம் நின்றிருந்தது; ஜன்னல் திறந்திருந்தது; கொசு கடித்தது. மூன்றில் இரண்டை நிறுத்தும்படி தந்தையிடம் கேட்டதாகவும், அவர் ஒன்றுக்குத்தான் இணங்கினார் என்றும் அவள் சொன்னாள். காயல்பட்டணத்தில் இடிந்த வீடுகள் பலவாதலால், தை பிறந்த பின்பே கொத்தனார் வருவாராம். அதுவரை பின்கட்டுக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்களாம்.