காலடித் திருடர்கள்

ஜப்பானிய மலையேறிகளிடம் ஒரு வசைச்சொல் உண்டு: 'ரஸ்ஸெரு தோரோபோ'. தோரோபோ என்றால் திருடன். ரஸ்ஸெரு என்பது தண்டவாளத்தில் பனியை ஒதுக்கித் தள்ளும் ரஸ்ஸல் வண்டியின் பெயரிலிருந்து வந்தது. இடுப்பளவுப் பனியை உடம்பாலேயே உழுது வழி உண்டாக்குவதைக் குறிக்கும். குழுவில் ஒருவர் கொஞ்ச நேரம் உழுவார், மூச்சு வாங்கியதும் ஒதுங்கிக் கடைசிக்குப் போவார், அடுத்தவர் முன்னால் வருவார். தன் முறை வரும்போது மட்டும் முன்னால் வராமல், வெட்டிய தடத்தில் சொகுசாக நடந்து வருகிறவன்தான் திருடன்.

முதலில் நான் திருடன் கட்சி. அவன் எதை எடுத்துக்கொண்டான்? தடம் அப்படியே இருக்கிறது. அவன் மிதித்ததால் இன்னும் கொஞ்சம் இறுகியும் இருக்கிறது. பறிபோனது நேரம் என்று சொல்லலாம். குளிர்காலப் பகல் குட்டை. உழுதவர் களைத்துப் பாதியில் திரும்ப, பின்னால் வந்தவன் உச்சியைத் தொட்டுவிடுவான். ஆனால் அவன் வராமலே இருந்திருந்தாலும் உழுதவருக்கு அந்தக் களைப்பு வந்தே இருக்கும். பங்கு கொடுக்காதது கஞ்சத்தனம். அதைத் திருட்டு என்பது கொஞ்சம் ஓவர்.

பிப்ரவரியில் தோழியோடு தானிகவா மலைக்குப் போனபோது இந்த வாதம் ஆட்டம் கண்டது. டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். உயரம் 1977 மீட்டர்தான், நம்ம கினபாலுவில் பாதிகூட இல்லை. ஆனால் 1931 முதல் அங்கே 800 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் கிழக்குப் பாறைச் சுவர்களில். நாங்கள் போனது சாதாரண வழி. ரோப்வேயில் தென்ஜின்தைரா வரை போய், அங்கிருந்து முகட்டைப் பிடித்து ஏறுவது. எங்களுக்கு முன்னே போனவர்கள் தடத்தைப் படிக்கட்டு மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். அந்த வகையில் நாங்களும் திருடர்கள்தான். கூலி கொடுக்கலாம் என்றால் ஆளைக் காணோம்.

மேலே தோமா நோ மிமி, ஓகி நோ மிமி என்று இரண்டு 'காதுகள்'. அவற்றின் கிழக்கு விளிம்பில் 'செப்பி' தொங்குகிறது. ஜப்பான் கடலிலிருந்து வரும் காற்று பனியை முகட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளித் தள்ளிக் கட்டிய கூரை அது, அடியில் வெறும் காற்று. மேலிருந்து பார்த்தால் மலை எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. உடைந்தால் நுனி மட்டும் போகாது, நாம் பத்திரம் என்று நினைக்கும் இடமும் சேர்ந்து போகும். (தமிழில் புல்நுனித் துளிக்கும் பனிதான் பெயர், இதற்கும் பனிதான். அன்றைக்கு அது எனக்கு அநியாயமாகப் பட்டது.)

அந்த விளிம்பை நோக்கி ஒரு தடம் போயிருந்தது. படம் எடுக்கப் போனவர்களாக இருக்கும்.

"அவ்ளோ பேரு நின்னுட்டு வந்திருக்காங்க லா, ஒண்ணும் ஆகல பாரு" என்றாள் தோழி.

எங்கள் தொழிலில் இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அதன் ராக்கெட் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் அதற்கு முந்தைய பயணங்களிலேயே அரிக்கப்பட்டிருந்தன. அது தெரிந்தும் இருந்தது. ஆனாலும் ஓடங்கள் பத்திரமாகத் திரும்பிவிட்டன. அப்படித் திரும்பிய ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்குச் சாட்சியானது.

காலடி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த நேரத்தில், அந்த எடையை, இந்தப் பனி தாங்கியது. அதற்குப் பிறகு வெயில் ஏறியிருக்கிறது. போதாததற்கு, அங்கே நாற்பது பேர் நடந்திருந்தாலும் பனியைப் பார்த்து முடிவெடுத்தவர் முதல் ஆள் ஒருவராக இருக்கலாம். மற்ற முப்பத்தொன்பது பேரும் தடத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் தடத்தில் அது நாற்பது ஓட்டாகத் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் அந்த வசைச்சொல் எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. பின்னால் வருகிறவன் முன்னவரிடமிருந்து எதையும் எடுப்பதில்லை. தனக்குப் பின்னால் வரப்போகிறவருக்குத்தான் ஒரு கள்ள ஓட்டு போட்டுவிட்டுப் போகிறான். 'என் உயிர், என் இஷ்டம்' என்று விளிம்பில் போய் நிற்பவருக்கும் இது பொருந்தும். அவர் யாரையும் கூப்பிடவில்லைதான், ஆனால் அடுத்த பனி விழும்வரை அவர் கால் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

நாங்கள் மேற்குப் பக்கமாக ஒதுங்கிப் போனோம். இறங்கும்போது இதையெல்லாம் சொன்னேன். தோழி ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படின்னா பின்னாடி வர்றவங்க ஒவ்வொரு அடிக்கும் நின்னு யோசிக்கணும். முன்னாடி போனவங்கள நம்பலன்னா நீ காலையில அந்தக் கூடாரம் மாதிரி இருந்த மேட்டையே தாண்டியிருக்க மாட்ட" என்றாள். அதுவும் உண்மை. கடைசி ரோப்வே வேறு யாருக்காகவும் காத்திருக்காது. அவள் முன்னால் நடந்தாள், நான் அவள் தடத்தில் கால் வைத்து வேகமாக இறங்கினேன்.