கட்டும் அவிழ்ப்பும்

பந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆன்மிக நாட்டமுள்ள இல்லறத்தார் பலரின் மனத்தில் ஓர் ஏக்கம் எழுகிறது. மனைவி, மக்கள், கடமை, கடன் என்று எத்தனை கட்டுகள்! இவற்றை அறுத்தெறிந்தால் அல்லவா இறைவனை அடைய முடியும் என்று அவர்கள் மயங்குகின்றனர். கட்டு என்பது மனிதனை எப்போதும் மூழ்கடிப்பதுதானா? இக்கேள்விக்குக் கடற்கரைக் குடும்பங்களின் எளிய கலம் ஒன்று விடை தருகிறது. அதன் பெயரிலேயே 'கட்டு' இருக்கிறது. அதுவே கட்டுமரம்.

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில், தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லையோர ஊர்கள் உள்ளன. அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு பூவாற்றில் கடலோடு கலக்கிறது. அதற்குத் தெற்கே பொழியூர். அதையடுத்துத் தமிழ்நாட்டின் நீரோடி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது இவ்விரு ஊர்களுக்கும் இடையே எல்லைக்கோடு விழுந்தது. ஆனால் அலைக்கு அக்கோடு தெரியாது. இருபுறமும் ஒரே வேகத்தில்தான் அது கரையை அறைகிறது.

அந்த அலையைக் கடப்பதற்கென்றே முன்னோர் கட்டுமரத்தை அமைத்தனர். எடை குறைந்த மரக்கட்டைகள் சில, அவற்றைப் பிணைக்கும் கயிறு, ஒரு பாய்மரம், முக்கோணப் பாய், துடுப்பு, வலை அல்லது தூண்டில் ஆகியவையே ஒரு குடும்பத்தின் சொத்து. தந்தையும் மகனும், அல்லது அண்ணனும் தம்பியும், பின்னிரவில் நிலத்திலிருந்து வீசும் கரைக்காற்றில் பாய் விரித்துச் செல்வர். பகலில் வெயிலால் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். அதுவே அவர்களை வீடு சேர்க்கும்.

இக்கலத்தில் ஆணி இல்லை. அலை மோதும்போது கயிற்றுக்கட்டு சற்றே நெகிழ்ந்து கொடுக்கிறது; அதனால் கலம் பிளவுறாமல் தப்புகிறது. தனிக்கட்டை நீரில் உருளும்; அதன்மேல் எவரும் நிற்க முடியாது. பிணைக்கப்பட்ட கட்டைகளோ ஒரு குடும்பத்தையே தாங்குகின்றன. இல்லறத்தின் கட்டும் இத்தகையதாக இருத்தல் வேண்டும். அதிகாரம் என்னும் ஆணியால் இறுக்கப்பட்ட குடும்பம் முதல் பேரலையிலேயே விரிசல் காண்கிறது. அன்பு என்னும் கயிற்றால் பிணைக்கப்பட்டதோ நெகிழ்ந்து நிலைக்கிறது.

மற்றொரு சிறப்பும் உண்டு. குழிந்த படகில் நீர் புகுந்தால் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுமரத்தின் மேல் ஏறும் நீரோ கட்டைகளின் இடைவெளி வழியே தானே வடிந்துவிடுகிறது. துன்பம் வராத வாழ்க்கை எவருக்கும் இல்லை. வந்த துன்பம் தேங்கி நிற்க இடம் தராத மனமே சாதகனுக்குத் தேவை.

இவற்றினும் மேலான பாடம், கலம் கரை சேர்ந்தபின் கிடைக்கிறது. மீனவர் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே தூக்கிச் சென்று மணலில் உலர வைப்பர். ஏனெனில் மரம் கண்ணுக்குத் தெரியாமல் நீரைக் குடிக்கிறது. உலர்த்தாமல் விட்டால் அது நாளுக்கு நாள் கனத்துப் போகும். இல்லறத்தானின் மனமும் அவ்வாறே. அன்றாடம் சிறிது கோபம், சிறிது பொறாமை, 'என்னால்தான் இக்குடும்பம் நடக்கிறது' என்ற சிறிது அகந்தை என அது ஊறிக்கொண்டே இருக்கிறது. பெரிய புயல் இல்லாமலேயே பல இல்லங்கள் இந்த ஈரத்தால் தாழ்கின்றன.

அவிழ்த்த கட்டைகளை மீனவர் எறிந்துவிடுவதில்லை. மறுநாள் அவற்றையே மீண்டும் கட்டுகிறார். பற்றின்மையின் பொருள் இதுவே. அது குடும்பத்தைத் துறந்து ஓடுவதன்று. 'எனது' என்ற உரிமையை இறைவன் திருமுன் நாள்தோறும் அவிழ்த்து வைத்து, கடமையை மறுநாள் புதிதாக ஏற்பதாகும்.

இத்தகைய கட்டு உறவினரோடு நின்றுவிடுவதுமில்லை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் இக்கடலைக் கலக்கியது. எல்லையின் இருபுறமும் பலர் வீடு திரும்பவில்லை. அப்போது மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே கடலுக்குள் தேடிச் சென்றனர். காணாமற்போனவர் தம் வீட்டாரா, அண்டை வீட்டாரா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு வீட்டுக்குள் அடங்கிய அன்பு பந்தமாகலாம். அதுவே விரியும்போது வழிபாடாகிறது.

இன்று பாய்மரக் கட்டுமரங்கள் அரிதாகிவிட்டன. இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் அவ்விடத்தைப் பிடித்துவிட்டன. எனினும் அவை கற்பித்த பாடம் பழமையாகிவிடவில்லை. இரவில் உறங்கச் செல்லுமுன் இல்லறத்தான் சிறிது நேரம் தனித்து அமரட்டும். அன்று மனத்தில் ஊறியவற்றை ஒவ்வொன்றாக இறைவன் திருவடியில் உலர வைக்கட்டும். விடிந்ததும் அதே மனைவியோடும் அதே மக்களோடும் அன்பின் கயிற்றை மீண்டும் கட்டட்டும். கட்டவும் அவிழ்க்கவும் ஒருங்கே கற்றவனைப் பிறவிக்கடல் மூழ்கடிப்பதில்லை.