எந்த அசல்?

நகல் செய்வதற்குக் கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும், தேர்வு என்பது படைப்புக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எந்த அசலை நகலெடுப்பது என்பதை நகலெடுப்பவன் முதலில் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தில் அறமும் கலந்திருக்கிறது.

அமெரிக்காவில், பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் மாதிரிக் காரை வாங்கி, குறிப்பிட்ட ஒரு நிஜக் காரைப் போலவே அதை மாற்றியமைப்பவர்கள் உண்டு. 1/25 அங்கே வழக்கமான அளவுகளில் ஒன்று. இவர்களில் ஒருவர், கென்னடி சுடப்பட்டபோது பயணம் செய்த லிங்கன் காரைச் செய்ய முற்படுவதாக வைத்துக்கொள்வோம்.

அந்த லிங்கனே மாற்றியமைக்கப்பட்ட கார்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த 1961ஆம் வருட வண்டியை சின்சினாட்டியில் குறுக்கே வெட்டி, சுமார் மூன்றரை அடி நீட்டினார்கள். எனவே நம் மனிதரும் பிளாஸ்டிக் உடலை ரம்பத்தால் அறுத்து, நாலு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இடையில் சேர்த்து, பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதுவரை கைத்திறன் போதும்.

சிக்கல் வர்ணத்தில் ஆரம்பிக்கிறது. அசல் காரின் பெயிண்ட் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். அதை இருபத்தைந்தால் வகுத்தால் எந்தத் தூரிகைக்கும் எட்டாத மென்மை. பெயிண்டில் மினுங்கும் உலோகத் துகள்களை அப்படியே மாதிரியில் பூசினால், அவை இருபத்தைந்து மடங்கு பெருத்தவையாகிவிடும். அதே கருநீலம் சின்ன உருவில் இன்னும் இருண்டு தெரியும். அனுபவசாலிகள் அதைச் சற்று வெளிற வைப்பார்கள். ஆக, அசலைப் போலத் தோன்ற அசல் வர்ணத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. பிளேட்டோ 'சோஃபிஸ்ட்' உரையாடலில், பேருருவச் சிலைகள் பார்ப்பவன் கண்ணுக்குச் சரியாகப்படுவதற்காக விகிதங்களை மாற்றும் சிற்பிகளைச் சந்தேகத்தோடு குறிப்பிடுகிறார். சிற்றுருவிலும் அதே சாமர்த்தியம் தேவைப்படுகிறது. இதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. 1963 நவம்பர் 22க்குப் பிறகு அந்தக் கார் அழிக்கப்படவில்லை. நிரந்தரக் கூரை போட்டு, கவசம் ஏற்றி, கறுப்புப் பூசி, 1977 வரை அடுத்தடுத்த ஜனாதிபதிகளுக்குப் பயன்படுத்தினார்கள். இன்று டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் நிற்கிறது. அங்கே அளவு நாடாவோடு போகிறவர் அதே இரும்பைத்தான் தொட முடியும். டல்லாஸில் திறந்தபடி போன கார் அங்கில்லை. அது புகைப்படங்களிலும் ஒரு சில சுருள் படங்களிலும்தான் இருக்கிறது. பார்த்ததை அப்படியே செய்தால் அவர் செய்தது தவறாகிவிடும். மியூசியத்தில் வஸ்து இருக்கிறது, ரூபம் போய்விட்டது. பிளாஸ்டிக்கில் வஸ்து இல்லை, ரூபம் திரும்புகிறது. வங்கியில் நகலை அசலோடு ஒப்பிட்டு நான் முத்திரை வைக்கும்போது, அசல் மாறாமல் இருக்கும் என்பது முன்நிபந்தனை. வாழ்ந்த பொருள் எதுவும் அந்த நிபந்தனைக்கு உட்படுவதில்லை.

எனவே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாள் தீர்மானமானதும் நேரம் குறுக்கிடுகிறது. குண்டைத் தடுக்கும் சக்தியில்லாத, கழற்றக்கூடிய கண்ணாடி பிளாஸ்டிக் கூரையை அன்று பொருத்தவில்லை. நம் மனிதரும் பொருத்த மாட்டார். ஜாக்குலினுக்குத் தந்த சிவப்பு ரோஜாக்களை இருக்கையில் வைக்கலாம். அதற்கப்புறம்? கறையையும் தீட்டுவாரா? தீட்டினால் விவரம் பிசகாது. ஆனால் சக்கர மூடியின் பளபளப்பும் ஒரு மனிதன் செத்ததும் அங்கே ஒரே தட்டில் நிறுக்கப்படும் விவரங்களாகிவிடும். தவறு அங்கேதான். எல்லாவற்றையும் சேகரித்துவிட்டால் உண்மை தானாக வந்துவிடும் என்று நம்பும் நம் யதார்த்தவாத நாவலாசிரியர்கள் செய்வதும் இதுவே.

விசுவாசம் என்பது விவரங்களின் கூட்டுத்தொகையல்ல. எந்த விவரத்தின் முன் கை நிற்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் அதில் அடக்கம். ரோஜாக்களோடு நிறுத்திக்கொண்டவர் குறைவாகச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை.