போதலும் மீளுதலும்



துலா மாதம் கழிந்து கார்த்திகை பிறந்துவிட்டால், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலே இராஜபாளையம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரையுள்ள ஊர்களில் வீட்டிலிருப்போர் யார், வழிப்போக்கர் யார் என்று பிரித்தறிவது அரிது. பருவமழையால் கண்மாய்கள் நிறைந்து, மலைமுகடுகள் மேகத்தில் மறைந்து நிற்கும். திருமங்கலத்திலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் மாலையணிந்த சபரிமலை அன்பர்கள் இரவும் பகலும் சாரி சாரியாகச் செல்வர். வழியில் வண்டியை நிறுத்தி, நாச்சியாரைச் சேவித்துவிட்டு அப்பால் செல்வோர் அவர்களில் பலர். இங்குள்ளோரோ தெற்கே திருக்குறுங்குடிக்கும் நவதிருப்பதிக்கும், வடக்கே திருவரங்கத்துக்கும் புறப்படுவர்.

அதே மாதத்தில்தான் வீட்டுக் காரியங்களும் நெருக்குகின்றன. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை வழியனுப்பி நிமிர்வதற்குள் திருக்கார்த்திகை விளக்கீடு வந்துவிடும். மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதால் கார்த்திகை முகூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். மழையில் ஒழுகும் ஓட்டை மாற்ற வேண்டும். குழந்தைகளின் ஜலதோஷத்துக்குக் கஷாயம் வைக்க வேண்டும். வந்த உறவினருக்கு இலை போட வேண்டும். ஆகவே இம்மாதத்துக் கிருஹஸ்தன் ஒரு காலைப் பேருந்திலும் மற்றொரு காலை வீட்டுத் திண்ணையிலும் வைத்திருப்பவன். இந்நிலையில் ஒரு கேள்வி தவிர்க்க இயலாதது. பகவானைத் தேடிப் புறப்படுவது உயர்ந்ததா? அவன் ஒப்படைத்த குடும்பத்தைப் பேணி வீட்டிலிருப்பது உயர்ந்ததா?

அந்தர்யாமியாய் எங்கும் நிறைந்தவனைத் தேடி ஏன் அலைய வேண்டும் என்பார் ஒரு சாரார். கேட்பதற்கு இது பெரிய வேதாந்தம் போலத் தோன்றும். பெரும்பாலும் இதைச் சொல்லுவது சோம்பலே. வீடு ஸம்ஸாரக் கட்டு, அதை உதறிப் புறப்படுவதே பக்தி என்பார் மற்றொரு சாரார். இவர்கள் உதறிய கட்டை வேறொருவர் தலையில் வைத்துவிட்டே புறப்படுகின்றனர் என்பது இவர்கள் கண்ணில் படுவதில்லை.

கார்த்திகை மாதத்தின் நக்ஷத்திரங்களே இவ்விரு சாராரையும் மறுக்கின்றன. கிருத்திகையில் அவதரித்தவர் திருமங்கை மன்னன்; மறுநாள் ரோஹிணியில் அவதரித்தவர் திருப்பாணாழ்வார். முன்னவர் வடக்கே பதரி முதலாகத் திவ்யதேசங்களை நாடிப் பாடியவர். ஆழ்வார்களில் அவரைப் போல் நடந்தவர் இல்லை. பின்னவரோ காவிரிக் கரையிலேயே நின்றவர். லோகஸாரங்க முனிவரின் தோளில் எழுந்தருளி அரங்கனைக் கண்டதே அவருடைய யாத்திரை. பத்துப் பாசுரங்களே அவர் பாடியவை. இருவரில் உயர்வு தாழ்வு சொல்லும் துணிவு ஆசாரியர்களுக்கு இருந்ததில்லை. அத்தனை ஊர் நடந்த திருமங்கையாழ்வாரின் பக்தியும் அடுப்பங்கரையிலேதான் தொடங்கிற்று என்பது நினைக்கத் தக்கது. நாள்தோறும் 1008 வைஷ்ணவர்களுக்கு ஓராண்டு அமுது செய்விக்க வேண்டும் என்று குமுதவல்லி நாச்சியார் விதித்த நிபந்தனையல்லவோ அவரை ஆழ்வாராக்கிற்று! அதற்குப் பொருள் போதாமல் அவர் வழிப்பறியில் இறங்கியது வேறு கதை.

இக்கேள்விக்கு நேரான விடை, இம்மாதத்துக்கே உரிய கைசிக மாஹாத்ம்யத்தில் இருக்கிறது. வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிச் செய்ததாக வராஹ புராணத்தில் அமைந்த சரிதம் அது. பராசர பட்டர் அதற்கு வியாக்கியானம் அருளியுள்ளார். கார்த்திகை மாதச் சுக்லபக்ஷ ஏகாதசியன்று திவ்யதேசங்களில் அது வாசிக்கப்படும். திருக்குறுங்குடியில் அவ்விரவில் நாடகமாகவே நடிக்கப்படுகிறது. நலிந்து போயிருந்த அந்நாடகம், பேராசிரியர் சே. இராமானுஜம், நடனக் கலைஞர் அனிதா ரத்னம் ஆகியோரின் முயற்சியால் 1999ஆம் ஆண்டு புத்துயிர் பெற்றது.

சரிதம் அடியார் பலரும் அறிந்ததே. பாணர் குலத்தில் பிறந்த நம்பாடுவான், கையில் வீணையுடன் மலையடிவாரத்துக் குறுங்குடி நம்பியை இரவின் கடை யாமத்தில் பாடித் துயிலெழுப்பச் செல்கிறார். வழியில் பசித்த பிரம்மராக்ஷஸ் ஒன்று அவரைப் பற்றிக் கொள்கிறது. "உடலைத் தருவதில் எனக்குத் தடையில்லை, நம்பியைப் பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், பிறகு உண்பாயாக" என்கிறார் அவர். அகப்பட்ட இரையை விட ராக்ஷஸுக்கு மனமில்லை. அப்பொழுது நம்பாடுவான் சபதங்கள் செய்கிறார்; அவற்றைப் பதினெட்டு என்று எண்ணுவர் பெரியோர். "நான் திரும்பி வாராவிட்டால் இன்னின்ன பாவம் செய்தவன் அடையும் கதியை அடைவேனாக" என்பது அவற்றின் அமைப்பு. இறுதிச் சபதம், நாராயணனை மற்றைத் தேவதைகளோடு ஒப்பாகக் கருதுவோனின் பாவத்தைச் சொல்வது. அதைக் கேட்டே ராக்ஷஸ் அவரை விடுகிறது. உபந்யாஸகர்கள் அந்த ஒன்றையே விரித்துரைப்பது வழக்கம். தத்துவ விஷயமாதலால் அது தகும். ஆனால் அதற்கு முற்பட்டவை வேகமாகக் கடந்து போகப்படுகின்றன. கடந்து போகத் தக்கவை அல்ல அவை.

அவை எவை? தனக்கொரு பாகமும் பிறருக்கொரு பாகமுமாக உணவில் பேதம் செய்பவன்; தருவதாகச் சொன்னதைத் தராதவன்; குற்றமற்ற மனைவியைக் கைவிடுபவன்; தாகத்தோடு நீருக்கு வரும் பசுக்கூட்டத்தைத் தடுப்பவன். கவனிக்க வேண்டும்: ஆணையிடுபவர் நட்ட நடுக்காட்டில், கோயிலை நோக்கிச் செல்லும் வழியில் நிற்கிறார். ஆணைக்கு அவர் எடுத்துக்கொள்வனவோ அடுக்களையும் இலையும் மனைவியும் மாட்டுத் தண்ணீருமாக இருக்கின்றன! யாத்திரையின் மெய்ம்மைக்கு வீட்டுத் தர்மத்தையே ஈடு வைக்கிறார் அவர். வீட்டைச் சிறிதென்று எண்ணுகிறவனுக்கு இச்சபதங்களில் ஒன்றைக்கூடச் செய்யும் அருகதை இல்லை.

அவர் பாடினார். ஊருக்குள் சென்று சேவிக்கும் உரிமை அக்காலத்தில் அவருக்கு இல்லை; வெளியே நின்றே பாடினார். திரும்புகையில் நம்பியே ஒரு முதியவர் வடிவில் எதிரே வந்து, "உயிரைக் காத்துக்கொள்ளச் சத்தியத்தை விடுவதில் பிழையில்லை, வேறு வழியாகப் போய்விடு" என்று சோதிக்கிறான். அவர் இசையவில்லை. யாத்திரைகளில் கடினமானது போவது என்று நினைக்கிறோம். இச்சரிதத்தில் போவது எளிதாயிருக்கிறது, மீளுவதே கடினம். சொன்ன நேரத்தில், சொன்ன இடத்துக்கு, தன்னை உண்ணக் காத்திருப்போரிடம் மீளுவது.

குடும்பமே அந்தப் பிரம்மராக்ஷஸ் என்று வேடிக்கையாகச் சொல்லுவோர் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்டிரைக் கேட்டால் ராக்ஷஸ் யார் என்பதில் வேறு அபிப்பிராயம் கிடைக்கலாம். வேடிக்கை நிற்க, உவமை முழுதும் பிழையன்று. மீண்டு வந்த நம்பாடுவானைக் கண்டதும் ராக்ஷஸுக்கு உண்ணும் ஆசை போய்விட்டது. அவர் பாடிய பாட்டின் பலனைத் தருமாறு மன்றாடுகிறது. முதலில் மறுத்த அவர், முடிவில் கைசிகப் பண்ணில் பாடிய பாட்டொன்றின் பலனைத் தாரை வார்க்கிறார். முற்பிறவியில் யாகத்தில் பிழை செய்து கெட்ட ஸோமசர்மா என்னும் பிராம்மணன் அதனால் ராக்ஷஸ வடிவம் நீங்கி உய்கிறான். கோயிலில் ஈட்டியதை வழியில் காத்திருந்தவனுக்குக் கொடுத்தபோதே அந்த யாத்திரை நிறைவெய்திற்று.

இதைக் கொண்டு நம் ஊர்க் காரியங்களை நோக்குவோம். 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது முதல் இராஜபாளையம் பஞ்சாலைகளின் ஊராயிற்று. ஆலைக்குக் கார்த்திகையும் இல்லை, ஏகாதசியும் இல்லை. இரவு முறைக்கு ஆள் வேண்டும். ஒரு தொழிலாளி குறுங்குடிக்குப் போக வேண்டுமானால், அவருடைய முறையை மற்றொருவர் பார்க்க வேண்டும். அந்த மற்றொருவர் நூலிழைகளுக்கு நடுவே கண்விழித்தது ஏகாதசி ஜாகரணம் ஆகாதா? கோயிலில் விழித்தவருடைய பலனில் அவருக்குப் பாகம் உண்டா, இல்லையா? வீட்டிலும் இப்படியே. மூத்தவரைக் குளிப்பாட்டி, பால் வாங்கி வைத்து, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி, வாசலில் அகல் ஏற்றியவள் ஒருத்தி இருந்ததனாலன்றோ அவர் போய்வந்தார்! திரும்பியதும் பிரஸாதம் ஒரு துண்டு கையில் வைக்கப்படுகிறது. அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பது உணவில் பாகபேதம் செய்வதற்கு வெகு தூரத்தில் உள்ளதன்று. இருபது கார்த்திகைகள் அவர் போயிருக்கிறார்; ஒரு கார்த்திகையிலாவது தாம் அடுப்பருகே இருந்து அவளைக் குறுங்குடிக்கு அனுப்பியதுண்டா? இதைக் கேட்காமல் யாத்திரையின் பெருமையைப் பேசுவது முறையன்று.

இன்னும் கடினமான நிலையும் உண்டு. வீட்டில் தாயார் படுக்கையில் கிடக்கிறார்; பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை; பயணச் சீட்டோ வாங்கியாயிற்று. பகவத் தரிசனம் தாயினும் மேலல்லவா என்று மனம் வாதாடும். இங்கே தயங்குவதற்கு ஒன்றுமில்லை, போகலாகாது. வடநாட்டிலே பண்டரிபுரத்துக்குக் கார்த்திக ஏகாதசியில் லக்ஷக்கணக்கானோர் கால்நடையாகச் சென்று சேவிக்கிறார்களே, அந்த விட்டலன் அங்கே நிற்பதன் காரணம் என்ன? பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன், வாசலில் வந்த பகவானைப் பார்த்து, சற்று நில் என்று ஒரு செங்கல்லை எறிந்தான். அதன்மேல் அவன் நின்றான், இன்னும் நிற்கிறான். வீட்டு வேலையை விட்டு எழுந்துவர மறுத்தவனுக்காகக் காத்திருந்த தெய்வத்தைக் காணத்தான் அத்தனை பேரும் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள்.

எனினும், இருந்த இடத்திலிருப்பது தானாகவே உயர்வைத் தந்துவிடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் அறிந்த உண்மை இது. ஆண்டாள் திருவாய்ப்பாடியைக் காண வடமதுரைக்குப் போகவில்லை. தன் ஊரையே ஆய்ப்பாடியாகவும், வடபெருங்கோயிலை நந்தகோபர் திருமாளிகையாகவும், வடபத்ரசாயியைக் கண்ணனாகவும், தன்னையும் தோழியரையும் ஆயர் சிறுமியராகவும் பாவித்தாள் என்பர் பூர்வாசாரியர்கள். அதிகாலைக் குளிரில் எழுந்து, பிறரையும் எழுப்பி அழைத்துச் செல்லும் சிரமமின்றி அந்தப் பாவனை கைகூடவில்லை. இருந்த ஊரிலேயே அவள் செய்தது பெரிய யாத்திரை. பின்பு அரங்கனிடம் உண்மையாகவே புறப்பட்டபோது பெரியாழ்வாரின் இல்லம் வெறுமையாயிற்று. மகளைப் பிரிந்த தாயின் குரலில் அவர் பாடியிருக்கிறார். மேலான யாத்திரையும் வீட்டில் ஒருவர் கண்ணீரைக் கடந்தே செல்கிறது. அதை மறைக்க ஆழ்வாரே முற்படவில்லை.

கைசிக ஏகாதசி இரவில் இத்தலத்தில் 108 போர்வைகள் சாற்றும் வைபவம் நடைபெறுகிறது. மழைக்காலத்துக் குளிர் எம்பெருமானுக்கும் உண்டு என்று எண்ணும் அன்பு அது. வீட்டில் உறங்கும் குழந்தையின்மேல் தாய் போர்த்தும் அதே கை. சேவித்தவர்கள் பனியில் வெளியே வந்து, இராஜபாளையம் செல்லும் பேருந்துக்கு நிற்பர். சிலருக்குக் காலை முறைக்கு ஆலையில் இருக்க வேண்டும். விரதமோ இன்னும் முடியவில்லை; ஏகாதசி துவாதசிப் பாரணையில்தான் முடிகிறது. அதற்கு வேண்டிய அகத்திக்கீரையை ஆய்ந்து, நெல்லிக்காயை அரைத்து, தானும் பட்டினி கிடந்து, விளக்கை அணையாமல் வைத்து ஒருத்தி வீட்டில் காத்திருக்கிறாள். அவள் இலைக்கு யார் பரிமாறப் போகிறார்கள் என்பதை வண்டியில் வருபவர் வழியிலேயே யோசித்துக்கொண்டு வரலாம், பன்னிரண்டு கிலோமீட்டர்தானே.